மன்னாரின் சாயவேர்: ஒரு மணற்பூண்டும் அதனைத் தோண்டியோரும்

மன்னார் என்றதும் முத்து நினைவுக்கு வருதல் இயல்பு. பண்டைக் கிரேக்க, உரோம வணிகர் குறிப்புகள் தொடங்கி ஆங்கிலேயர் கால அறிக்கைகள் வரை மன்னார்க் கடலைப் பற்றிய எழுத்துக்கள் யாவும் முத்துச் சிலாபத்தையே சுற்றி வருகின்றன. அடுத்தபடியாக யானை ஏற்றுமதி பேசப்படுகின்றது. அதன் பின்னர் சங்கு. இவற்றின் நிழலில் மறைந்துபோன பொருளொன்று உண்டு. அது கடலில் விளைந்ததன்று, காட்டில் திரிந்ததுமன்று. மன்னார்த் தீவின் வறண்ட மணற்புல்வெளியில், கணுக்காலளவுகூட உயராது, நிலத்தோடு நிலமாகப் படர்ந்து கிடக்கும் ஒரு பூண்டின் வேர் அது. சாயவேர் என்பது அதன் பெயர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் ஐரோப்பியக் கும்பனிகளும் அரசாங்கமும் இவ்வேரைத் தம் தனியுரிமையாக வைத்திருந்தன என்பதும், அதனைத் தோண்டுவதற்கென்றே ஒரு மக்கட்பிரிவு சாதியாக இறுக்கப்பட்டிருந்தது என்பதும் நம் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை.

முதலில் தாவரத்தை நோக்குவோம். தாவரவியலார் இதனை ஓல்டென்லாந்தியா அம்பெல்லாட்டா என அழைப்பர். லினேயஸ் 1753ஆம் ஆண்டில் இட்ட பெயர் இது. நன்னம்பிக்கை முனைப் பகுதியில் தாவரங்களைச் சேகரித்த ஓல்டென்லாந்து என்பவரின் நினைவாக இவ்வினப் பெயர் அமைந்தது. கோப்பி, இட்லிப்பூ எனப்படும் வெட்சி, நுணா ஆகியன அடங்கிய குடும்பமே இதன் குடும்பமும். ஊசிபோன்று ஒடுங்கிய இலைகள். கணுக்களில் மெல்லிய முட்கள் போன்ற இலையடிச் செதில்கள். இலைக்கக்கங்களிலிருந்து எழும் சிறு காம்புகளில் குடைபோல விரிந்த கொத்துகள். ஒவ்வொரு கொத்திலும் நான்கு இதழ் கொண்ட, கடுகளவேயான வெண்பூக்கள். புலவர் கண்ணில் படத்தக்க பூவன்று இது. காயாம்பூ முல்லைத் திணையில் இடம்பெற்றுவிட்டது. அதே காயாவின் இலையோடு சாயக்காரரின் மிடாவில் ஒன்றாக வெந்த இப்பூண்டின் பூவுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

இதன் சிறப்பு நிலத்தின் கீழே உள்ளது. மன்னார்த் தீவு இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவமழையே அதற்குரிய மழை. பின்னர் சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணல் கொதிக்கும். இத்தகைய நிலத்தில் பல பூண்டுகள் ஒரு மழையில் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து மடிந்துவிடும் வழியைக் கைக்கொள்கின்றன. சாயவேரின் வழி வேறு. மேற்பகுதி காய்ந்து சுருங்கினாலும், மணலுள் நேர்கீழாக இறங்கிய வேரில் அது உயிரைப் பேணி வைத்திருந்து அடுத்த மழைக்கு மீண்டும் தளிர்விடும். ஆண்டுகள் செல்லச் செல்ல வேரின் பட்டை தடிக்கும். அப்பட்டையிலேயே சாயம் தங்கியுள்ளது. உள்ளிருக்கும் வெண்ணிறக் கட்டை சாயக்காரருக்குப் பயன்படாது. எனவே ஓராண்டு வேரினால் ஆவது சிறிது. இரண்டாண்டேனும் மண்ணில் இருந்த வேரே தோண்டுதற்கு உரியது. தோண்டினால் செடி போயிற்று. பின்வரும் வரலாறு முழுவதற்கும் அடிப்படையான பொருளியல் உண்மை இதுவே. நெல்லைப் போல ஆண்டுதோறும் அறுவடை செய்யத்தக்க பொருளன்று இது. பல ஆண்டுச் சேமிப்பை ஒரே குத்தில் எடுத்துவிடும் பொருள்.

செந்நிறம் தரும் வேர்கள் நம்மவரிடையே மூன்று வழங்கின. இவை அடிக்கடி ஒன்றோடொன்று மயக்கப்படுவதால் வேறுபாட்டைச் சொல்லிவிடுதல் நன்று. மஞ்சிட்டி மலைநாட்டுக் கொடி. ஐரோப்பியரின் மடர்ச் செடிக்கு மிக நெருங்கிய உறவு. நுணா மரமாக வளர்வது; அதன் வேர்ப்பட்டை தரும் சிவப்பு வேறொரு சேர்வையால் ஆனது. சாயவேரோ கடற்கரை மணலுக்குரியது. இதன் தலைமையான சாயப்பொருள் அலிசரின். ஐரோப்பிய மடரிலும் இதுவே முதன்மையானது. ஆகவே ஆங்கிலேயர் இதனை இந்திய மடர் என அழைத்தமை ஒருவாறு பொருந்தும். சாயவேர் எனும் தமிழ்ச்சொல்லே திரிந்து ஆங்கிலத்தில் சாய், சாயா, சோயா எனப் பலவாறாக எழுதப்பட்டது. சிங்களத்தில் சாயமுல் என்பர். முல் என்பதும் வேரே. தெலுங்கில் சிரிவேரு. சித்த மருத்துவர் இதே பூண்டை இம்பூறல் என்ற பெயரில் அறிவர். இருமலோடு இரத்தம் வரும் நோய்க்கு இதனை வழங்குவர். ஒரே செடிக்குச் சாயக்காரர் ஒரு பெயரும் மருத்துவர் ஒரு பெயரும் வழங்கினமை, தொழில்வழிப் பிரிந்த சமூகத்தில் அறிவும் எவ்வாறு பிரிந்து நின்றது என்பதற்கு நல்ல சான்றாகும்.

சாயமிடும் முறையைச் சிறிது விரிவாகக் கூறவேண்டியுள்ளது. வேரை அவித்து, அந்நீரில் துணியைத் தோய்த்தால் கிடைப்பது வெளிறிய, கழுவினால் போய்விடும் ஒரு கறையே. நிலைத்த சிவப்பு உண்டாக வேண்டுமாயின் துணிக்கும் சாயத்துக்கும் இடையே ஒரு பிணைப்பு வேண்டும். அப்பிணைப்பைத் தருவது படிகாரம். சோழமண்டலக் கரையில் சாயவோவியம் தீட்டியோர் முதலில் துணியைச் சாணம் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் வெளுப்பர். பின்னர் கடுக்காய்ச் சாற்றையும் எருமைப் பாலையும் கலந்து அதில் நனைப்பர். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு தீட்டிய கோடு பரவாமல் தடுக்கும். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரையும், கருமை வேண்டிய இடங்களில் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்த புளித்த நீரையும் இட்டு, அதன்பின் துணி முழுவதையும் சாயவேர் நீரில் வேகவைப்பர். படிகாரம் பட்ட இடம் சிவக்கும்; இரும்பும் படிகாரமும் கலந்த இடம் ஊதாவாகும்; ஒன்றும் படாத இடத்தின் கறை சாண நீரிலும் வெயிலிலும் வெளுத்துவிடும். புதுச்சேரிப் பகுதியில் வாழ்ந்த யேசுசபைக் குருவாகிய கேர்டூ 1742ஆம் ஆண்டில் இம்முறைகளைத் தம் நாட்டவருக்கு ஒரு நீண்ட கடிதத்தில் விவரித்தார். அறிவார்வம் மட்டுமே அதற்குக் காரணமன்று. ஐரோப்பிய உற்பத்தியாளர் இந்தியச் சாயத்துணியைத் தாமே செய்துகொள்ள முயன்ற காலம் அது. எழுதா மரபாகக் கைவினைஞரிடமிருந்த அறிவு கடல் கடந்த முறைகளுள் இக்கடிதமும் ஒன்று.

இங்கு மன்னார் மண்ணின் பங்கு நோக்கற்பாலது. அலிசரின் படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு மட்டும் கூடுகையில் கிடைக்கும் சிவப்பைவிட, அலுமினியத்தோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தவிடத்துக் கிடைக்கும் சிவப்பு ஒளிமிக்கது, உறுதியானது. இரசாயனவியல் இதனைப் பிற்காலத்தில் விளக்கியது. சாயக்காரரோ அனுபவத்தால் முன்னரே அறிந்திருந்தனர். கிளிஞ்சலும் சிப்பியும் நொறுங்கிக் கலந்த கடற்கரை மணலில் எடுத்த வேருக்கே அவர்கள் மதிப்பளித்தனர். கோல்கொண்டா இராச்சியத்தைப் பற்றி 1626ஆம் ஆண்டில் அச்சான குறிப்புக்களில் வில்லியம் மெத்வோல்ட் எனும் ஆங்கில வணிகர், கிருஷ்ணா நதிமுகத்தை அடுத்த பெத்தபொலிப் பகுதியின் சாயவேரைச் சிறப்பித்துள்ளார். அதுவும் சிப்பி மணல் நிலமே. மன்னார்த் தீவும், அதற்கு எதிரேயுள்ள வன்னிக் கரையும், யாழ்ப்பாணத் தீவுகளும் இவ்வகை நிலத்தையே கொண்டவை. பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமேசுவரத்து மணலிலும் இதே பூண்டு வளர்வதை எண்ணும்போது, சாயவேருக்கு இரு கரைகளும் ஒரே நிலமாக இருந்தன எனலாம்.

பயிரிட்ட வேருக்கும் தானே வளர்ந்த வேருக்கும் இடையிலான வேறுபாடு இன்னொரு முக்கிய செய்தி. வில்லியம் ரொக்ஸ்பர்க் தமது சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய பெருநூலின் முதற்றொகுதியில் (1795) இப்பூண்டை வண்ணப்படத்துடன் விளக்கியுள்ளார். பயிரிட்ட வேர் ஓரடி முதல் இரண்டடி வரை நீளும். தானே வளர்ந்தது குட்டையானது. ஆயினும் காட்டுவேர் காற்பங்கு அதிகமான சாயம் தரும் என்றும், அச்சாயம் தரத்திலும் மேலானது என்றும் அக்காலத்தில் கருதப்பட்டது. சோழமண்டலத்தில் இதனை வயலிலே விதைத்து வளர்த்த உழவர் இருந்தனர். மன்னாரில் நிகழ்ந்ததோ காட்டுவேர் தோண்டல். எனவே அங்கு முதலீடு நிலத்திலோ விதையிலோ இடப்படவில்லை. தேவைப்பட்டது மனித உழைப்பு ஒன்றே. அவ்வுழைப்பை எவ்வளவு மலிவாகப் பெறலாம் என்பதே ஆட்சியாளரின் பிரச்சினையாயிற்று.

அப்பிரச்சினைக்கு விடை ஏற்கெனவே சமூக அமைப்பில் இருந்தது. வேர்குத்தியர் எனும் பெயர் தொழிலையே சாதிப்பெயராகக் கொண்டது. 1658ஆம் ஆண்டில் மன்னாரையும் பின்னர் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தமக்கு முன்பிருந்த ஊழிய முறையைக் கலைக்கவில்லை, ஏடுகளில் ஒழுங்குபடுத்தினர். எச்சாதியார் எத்தனை நாள் ஊழியம் செய்யவேண்டும், எதனை ஒப்படைக்க வேண்டும் என்பன கணக்கில் ஏறின. வேர்குத்தியர் தோண்டிய வேரைக் கும்பனிக்கே கொடுக்கவேண்டும். விலையை நிர்ணயிப்பதும் கும்பனியே. வேறொருவருக்கு விற்பது குற்றம். வேறு தொழிலுக்குச் செல்லலாமெனில் சாதி குறுக்கே நின்றது. சாதி, ஏகபோகம் எனும் இரண்டும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நின்றதை அவதானிக்கலாம். ஐரோப்பிய வணிக மூலதனம் கீழைத்தேயச் சமூக உறவுகளை உடைத்தெறிந்து புதியனவற்றை நிறுவிற்று என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. சாயவேரைப் பொறுத்தவரை அது பழைய உறவுகளை உடைக்கவில்லை. இறுக்கியே இலாபம் கண்டது.

யாழ்ப்பாணக் கொமாந்தராக இருந்த ஹென்றிக் ஸ்வார்டெக்ரூன் 1697ஆம் ஆண்டில் தமக்குப் பின் பொறுப்பேற்போருக்கு எழுதிவைத்த நினைவுக் குறிப்பு, யானை, பனை, முத்து, சங்கு ஆகியவற்றுடன் சாயவேரையும் கும்பனியின் வருவாய்க்குரிய விடயமாகக் கொள்கின்றது. சோழமண்டலத்திலிருந்து நெசவாளரையும் சாயக்காரரையும் வரவழைத்து யாழ்ப்பாணத்தில் குடியமர்த்தும் முயற்சிகளும் ஒல்லாந்தர் காலத்தில் நிகழ்ந்தன. வேர் இங்கேயே கிடைக்கும்போது துணியையும் இங்கேயே சிவப்பாக்கலாம் என்பது கணக்கு. இக்காலப் பின்னணியை அறிய விரும்புவோருக்குப் பேராசிரியர் சி. அரசரத்தினம் 1958இல் வெளியிட்ட இலங்கையில் ஒல்லாந்தர் ஆதிக்கம் பற்றிய ஆங்கில நூல் இன்றும் பயன்தரும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இவ்வாவணங்கள் யாவும் வேரைப் பெற்றுக்கொண்டவர்கள் எழுதியவை. தோண்டியவன் எழுதியது ஒன்றுமில்லை. அதிகாரியின் ஏட்டில் வேர் குறைந்தால் தோண்டுபவனின் சோம்பல் என்று எழுதுவது எளிது. ஆனால் மேலே கூறிய தாவர இயல்பை மனத்திற்கொண்டு நோக்கினால் வேறொரு விளக்கமும் புலப்படும். இரண்டாண்டு பொறுக்காது தோண்டப்பட்ட நிலம் மெல்லிய வேரையே தரும். மெல்லிய வேரால் அதே எடையை நிரப்ப இருமடங்கு செடிகள் வேண்டும். அடுத்த ஆண்டு இன்னும் தொலைவு நடக்கவேண்டும். கட்டாய அளவு மாறாது. மணல் மட்டும் வெறுமையாகும். சோம்பல் என்று சொல்லப்படுவதன் பின்னால் நிலத்தின் களைப்பு இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தையும், சில நாட்களில் மன்னாரையும் கைப்பற்றினர். ஆட்சி மாறிற்று, ஏகபோகம் மாறவில்லை. குத்தகைக்காரன் இடையில் வந்தான் என்பதே பெரும் வேறுபாடு. இலங்கையின் விவசாயம், வணிகம், நிதி பற்றி 1817இல் நூலெழுதிய அந்தோனி பெர்ட்டொலாச்சி, சாயவேரை அரசாங்க வருவாய் விடயங்களுள் ஒன்றாக ஆராய்கிறார். 1832ஆம் ஆண்டில் கட்டாய ஊழியம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைகள் அரசாங்க ஏகபோகங்களுக்கும் எதிராக இருந்தன. அவ்வாறு தோண்டுபவன் தன் வேரைத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமை பெற்ற காலத்தில், அவ்வேருக்கு இருந்த சந்தையே சரியத் தொடங்கியிருந்தது. இலங்காசயர் இயந்திரத் துணி கீழைக் கடற்கரையின் கைத்துணியை வீழ்த்திக்கொண்டிருந்தது. துணி வீழ்ந்தால் சாயம் எங்கே நிற்கும்?

இறுதி அடி ஓர் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1868இல் பேர்லினில் கார்ள் கிறேபே, கார்ள் லீபர்மான் எனும் இருவர், நிலக்கரித் தாரில் உள்ள அந்திரசீன் எனும் பொருளிலிருந்து அலிசரினை ஆக்கிக் காட்டினர். தாவரம் ஒன்று தன் உடலில் உண்டாக்கும் சாயத்தை மனிதன் செயற்கையாக ஆக்கியது அதுவே முதன்முறை. அவர்கள் கண்ட முதல் வழி தொழிற்சாலைக்கு ஏற்றதன்று; செலவு மிக்கது. மலிவான வழியொன்றுக்கு ஜேர்மன் தரப்பினர் இலண்டனில் 1869 யூன் 25ஆந் திகதி காப்புரிமை கோரினர். ஆங்கிலேயரான வில்லியம் பேர்க்கின் அதே வழிக்கு விண்ணப்பித்தது மறுநாள். ஒரு நாள் வேறுபாடு! அதன்பின் சில ஆண்டுகளுக்குள் தென் பிரான்சின் மடர் வயல்கள் பாழாயின. நம் கரைகளுக்கு இவ்வலை வர இன்னும் சிறிது காலம் பிடித்தது. சாயவேருக்கும் மஞ்சிட்டிக்கும் பழகிய மதுரைச் சௌராட்டிரச் சாயக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலிசரினுக்கு மாறினர். மசூலிப்பட்டினத்துக் கலங்காரியின் சிவப்பும் பெரும்பாலும் அலிசரினாயிற்று.

இதனைச் செயற்கை இயற்கையை வென்ற கதையாகச் சொல்வோர் உளர். இயற்கைச் சாயத்தின் இழப்பைக் குறித்து ஏங்குவோரும் உளர். வேர்குத்தியர் நிலையில் நின்று நோக்குமிடத்து இரண்டுமே அரைகுறையானவை. வேரிலிருந்த அலிசரினும் தாரிலிருந்து பிறந்த அலிசரினும் இரசாயன வாய்பாட்டில் ஒன்றே. வேரில் அதனோடு கூடிய பிற பொருள்கள் நிறத்துக்குச் சிறு மெருகைத் தந்தன என்பது உண்மை. அம்மெருகுக்காக ஒரு சாதியை மணலில் குனியவைத்த அமைப்பு மீளவேண்டும் என எவரும் விரும்பார். ஆனால் அவ்வமைப்பு போனபோது, நிர்ப்பந்தத்தோடு சேர்ந்து வருவாயும் போயிற்று. இழப்பீடு என்ற பேச்சு எழவில்லை. எந்த மணலில் வேர் தடிக்கும், எத்தனை மழை காணவேண்டும், எவ்வளவு விட்டுவைத்தால் மீண்டும் முளைக்கும் என்ற அறிவும் கேட்பாரற்று உதிர்ந்தது. எஞ்சியிருந்ததையும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி சிதறடித்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம் மக்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்களும் போர்க்காலத்தில் பன்முறை இடம்பெயர்ந்தனர். ஊர் பெயர்ந்தவிடத்துப் புல்பூண்டின் பெயர்கள் முதலில் மறைகின்றன. தாத்தா சுட்டிக்காட்டப் பேரன் பார்க்கும் நிலம் இருந்தாலன்றி அப்பெயர்கள் கைமாறுவதில்லை.

செடி அழிந்துவிடவில்லை. தோண்டுவோர் இன்மையால் ஒருவகையில் அதற்கு ஓய்வு கிடைத்தது எனலாம். தென்னந்தோப்புகளின் ஓரம், மேய்ச்சல் நிலம், பாழ்மணல் என இன்றும் அது கிடக்கின்றது. மாடும் ஆடும் மிதித்தாலும் வேர் தாங்கும். தாங்க இயலாதது வேறு. மன்னார்த் தீவின் மணலில் இல்மனைற்று முதலிய கனமான கனிமங்கள் உள்ளன. அவற்றை அகழ்ந்தெடுக்கும் திட்டங்கள் அண்மைய ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டுள்ளன. தீவின் தென்கரையோரமாக 30 சுழலிகள் கொண்ட தம்பபவனிக் காற்றாலை 2020ஆம் ஆண்டு இறுதியில் திறந்துவைக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் நிறுவுவதற்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக 2025ஆம் ஆண்டு ஓகஸ்டில் மன்னார் மக்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். வெள்ள நீர் வடியும் வழி, நன்னீர், மீன்பிடி, வலசைப் பறவைகள் என்பன அவர்கள் முன்வைத்த கவலைகள். சாயவேர் அப்பட்டியலில் இடம்பெற வேண்டுமென்று நான் வாதிடவில்லை. குடிநீருக்கு முன்னால் ஒரு பூண்டை வைப்பது பொருந்தாது. எனினும் அகழ்வுக்குச் சார்பாகக் கூறப்படும் ஒரு நியாயத்தை இப்பூண்டைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். மணலைத் தோண்டி, வேண்டிய கனிமத்தைப் பிரித்தெடுத்து, எஞ்சியதை அவ்விடத்திலேயே மீள நிரப்பிவிட்டால் நிலம் முன்போலாகும் என்பது அந்நியாயம்.

நிரப்பிய மணலில் அவ்வாண்டு மழைக்கே பச்சை தோன்றும். அது ஓராண்டுப் புல். நல்ல விளைவாகவே அதனைப் புகைப்படமெடுத்து அறிக்கையில் சேர்க்கலாம். ஆனால் மணலின் அடுக்கு, அதில் நீர் தங்கும் ஆழம், சிப்பித் தூள் கலந்திருந்த விகிதம் ஆகியவை குலைந்த நிலத்தில், ஆண்டுக்கணக்கில் நேர்கீழாக இறங்கித் தடிக்கும் வேர் திரும்பியதா என்பதை மேற்பரப்பின் பச்சை காட்டாது. ஒல்லாந்தன் ஏட்டில் எடையை மட்டும் கண்டான்; நாம் அறிக்கையில் நிறத்தை மட்டும் காண்போமாயின் பிழை அதே வகையினதே. எனவே எந்த நிலத்தைத் தொடுமுன்பும் அங்குள்ள பல்லாண்டுப் பூண்டுகளை மாரியிலும் கோடையிலும் தனித்தனியே கணக்கெடுத்தல் வேண்டும். கோடையில் மட்டும் செய்த கணக்கெடுப்பு சாயவேரைக் காணாது. அப்போது அது மேலே ஒரு காய்ந்த சுள்ளி மட்டுமே.

மாணவர் எவரேனும் இதனைத் தேட விரும்பின் தை மாதம் ஏற்ற காலம். மழை ஓய்ந்து, மணல் இன்னும் ஈரமாக இருக்கும். குட்டையான, ஒடுங்கிய இலைகளுடைய, வெண்பூக்கொத்துப் பூண்டைக் கண்டால் முழுவதையும் பிடுங்க வேண்டா. வேரின் தலைப்பக்கத்து மணலை விரலால் விலக்கி, பட்டையை நகத்தால் இலேசாகக் கீறினால் போதும். உள்ளே செம்மஞ்சள் நிறம் தெரியும். பார்த்தபின் மணலை முன்போல மூடிவிட வேண்டும்.